ஆயில் கசிவைத் தேடு, பிறகு பெல்ட்டைத் தொடு

பழைய கார் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பட்டறையில் புதிதாக ஸ்பானர் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மாருதி 800, ஆம்னி, ஆல்டோ 800, சான்ட்ரோ, டீசல் இண்டிகா என்று நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு டைமிங் பெல்ட்தான். ஆயில் கசிவு ஒரு கோளாறு, டைமிங் பெல்ட் வேறொரு கோளாறு என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். பல வண்டிகளில் இரண்டும் ஒன்றே. கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் முனைகளில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் கேம் சீலிலோ கிராங்க் சீலிலோ கசிகிற ஆயில் பெல்ட்டின் மேல் படுகிறது, ரப்பர் ஊறி உப்புகிறது, பல் கழல்கிறது. கசிவை அப்படியே விட்டுவிட்டுப் புது பெல்ட் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. வீட்டு வாசலிலேயே, பெரிய கருவி எதுவும் இல்லாமல், இதில் பாதிக்கு மேல் நீயே கண்டுபிடித்துவிடலாம்.

1. சொட்டியிருப்பது எஞ்சின் ஆயில்தானா என்று முதலில் பார். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வை. முன்சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் குறித்துக்கொள். காலையில் எந்தச் சொட்டு எஞ்சினின் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பது தெரிந்துவிடும். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ வழவழவென்று இருந்தால் எஞ்சின் ஆயில். டீசல் வண்டியில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுத்துவிடும், அதைப் பார்த்துப் பயப்படாதே. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தித்திப்பான வாசனையோடு இருந்தால் கூலன்ட். அது விஷம், நாய், பூனை நக்குவதற்குள் கழுவிவிடு. கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உட்புறம் மெல்லிய திரவம் வழிந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதே. ஏசி போட்டுவிட்டு நிறுத்தினால் சொட்டுவது வெறும் தண்ணீர்.

2. டிப் ஸ்டிக்கைச் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிஷம் கழித்து, துடைத்து மறுபடி விட்டுப் பார். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் பல கார்களில் சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம். வாராவாரம் பார்த்து ஒரு நோட்டில் கிலோமீட்டரோடு எழுதி வை. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுந்தாலே ஒரு நாளில் 50 மில்லிக்கு மேல் போய்விடும். தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் அளவு மட்டும் குறைகிறதா? அப்போது ஆயில் உள்ளே எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங் தேய்மானம். அதற்கு வெளியே தேடிப் பயனில்லை.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. கிராங்க் அந்த ஆயிலில் அடித்து நுரையாக்கும். பழைய சீல்களின் வழியாக அது வெளியே வரப் பார்க்கும்.

3. டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று பொருள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காதே. ஓரங்கட்டி அப்போதே நிறுத்து.

4. வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் உன் உயிரைப் பார்த்துக்கொள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்காதே. ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போ. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். எஞ்சின் ஓடும்போது குனிந்து பார்ப்பதாக இருந்தால் துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு எதுவும் தொங்கக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படி.

5. துடைக்காமல் தேடாதே. பல வருஷத்து ஆயிலும் தூசியும் சேர்ந்து எஞ்சின் முழுக்கக் கறுப்பாக அப்பியிருக்கும்போது எது பழைய கசிவு, எது இன்றைய கசிவு என்று எந்த மேஸ்திரியாலும் சொல்ல முடியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்டுத் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடை. டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டையும் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள். எந்த பெல்ட்டிலும் மண்ணெண்ணெய் படவே கூடாது, அதனால் டைமிங் கவர் பக்கம் துணியாலேயே துடை. பிரஷர் வாட்டர் அடிக்காதே. கனெக்டருக்குள் தண்ணீர் போனால் நீ தேடிக்கொண்டிருப்பது வேறு, வந்து சேரும் கோளாறு வேறாகிவிடும். ஈரம் முழுக்கக் காயட்டும்.

6. காய்ந்த இடத்தில் முகப்பவுடர் தூவு. இதைச் செய்து பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் விளிம்பு, அதன் கீழே பிளாக், டைமிங் கவரின் அடிப்பக்கம், ஆயில் ஃபில்டரைச் சுற்றி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் விளிம்பு என்று பஞ்சால் மெல்லிய பூச்சாகப் போடு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்து. டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையின் நடுவே பழுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். அந்தக் கோடு மேலே எங்கே முடிகிறதோ அதுதான் கசியும் இடம். சில சமயம் டேப்பட் கவரின் ஒரு மூலையில் கடுகளவு ஈரம்தான் தெரியும். அதிலிருந்து கோடு பிளாக்கின் பக்கமாக இறங்கி, ஒரு போல்ட் தலையைச் சுற்றி, சம்ப் விளிம்பில் வந்து சொட்டாகத் தொங்கும். கீழே நின்று பார்க்கிறவன் சம்ப் பேக்கிங் போய்விட்டது என்று சத்தியம் செய்வான்.

7. மேலேயிருந்து கீழே, முன்னாலிருந்து பின்னால் பார். ஆயில் இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே ஈரம் பட்ட இடங்களில் எது உயரமோ, எது முன்னால் இருக்கிறதோ அதையே முதலில் சந்தேகப்படு. டேப்பட் கவர் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங், கேம் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், கிராங்க் சீல், சம்ப் பேக்கிங், ட்ரெயின் போல்ட் என்று வரிசையாக இறங்கு. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில் அடியில் சொட்டினால் பின்பக்கக் கிராங்க் சீலாக இருக்கலாம். கிளட்ச் வழுக்கவும் ஆரம்பித்திருந்தால் சந்தேகம் பலப்படும். அதற்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், வாசலில் ஆகிற வேலை இல்லை. அப்படி இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடச் சொல்.

8. டேப்பட் கவர் பேக்கிங்கை நீயே மாற்றலாம். நான் பார்த்த கசிவுகளில் மிகுதியானவை இங்கேதான். ரப்பர் வெப்பத்தில் வெந்து வெந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். கழற்றும்போது துண்டு துண்டாக உடைந்து வந்தால் அதன் காலம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. உடைந்த துண்டு உள்ளே விழாமல் பார்த்துக்கொள். இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடை. அலுமினியத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதே. கசிகிறதே என்று பழைய பேக்கிங்கின் மேலேயே போல்ட்டைப் போட்டு இறுக்குவது வீண்வேலை. ரப்பர் பிதுங்கும், கவர் வளையும், நூல் போகும். கையளவு இறுக்கம் போதும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக, எல்லாப் போல்ட்டையும் சமமாக இறுக்கு. சிலிக்கான் பசையை அள்ளி அப்புகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதே. உட்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து, சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும்.

9. ஆயில் மாற்றிய மறுநாளே கசிந்தால் ஃபில்டரையும் ட்ரெயின் போல்ட்டையும் தவிர வேறெங்கும் பார்க்காதே. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கு. ட்ரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதே. கேனில் ஊற்றிச் சர்வீஸ் சென்டரில் கொடு.

10. சீல் மாற்றியும் மறுபடி கசிகிறதா? பிரீதர் பைப்பைக் கழற்றிப் பார். இதைப் பட்டறைகளிலேயே பலர் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற வேண்டிய குழாய் கசடு பிடித்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் மெலிந்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடி. லேசாக ஆடினாலோ உள்ளே இழுத்தாலோ சரி. புஸ் புஸ்ஸென்று தூக்கி அடித்தால் முதலில் பிரீதரையும் அதன் வால்வையும் சுத்தம் செய். அப்படியும் அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. சீலுக்கு மேல் சீல் மாற்றிக் காசை விடாதே.

11. இப்போது பெல்ட்டுக்கு வருகிறேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால்தான் கேம் புல்லியில் பற்கள் இரட்டிப்பு. இந்தக் கணக்கைத் தவறவிடாமல் வால்வுகளைத் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட். கண்ணாடி இழைக் கயிறுகள் உள்ளே ஓடும் ரப்பர் பட்டை அது. ஒரு பல் தாண்டினால் பிக்கப் செத்துவிடும், ஐடில் உதறும், சைலன்சரில் வெடிக்கும். அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் இரண்டும் மோதி வால்வு வளையும்; பெட்ரோலிலும் பல எஞ்சின்களில் இதே கதிதான். ஹெட்டையே கழற்ற வேண்டிய செலவு அது.

12. பெல்ட்டைப் பார்ப்பதற்கு மேல் கவரைக் கழற்றினால் போதும். பிளாஸ்டிக் மூடி, சில போல்ட்டுகள். பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் வைத்து மெதுவாகச் சுற்று. பெட்ரோல் வண்டியில் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் லேசாகச் சுற்றும். பெரும்பாலான எஞ்சின்கள் புல்லி பக்கமிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் ஓடும். பழைய ஹோண்டா சிட்டி போன்ற சில எதிர்த்திசையில் ஓடும். ஓடுகிற திசையில்தான் சுற்ற வேண்டும், பின்னோக்கிச் சுற்றாதே. கேம் புல்லியைப் பிடித்தும் சுற்றாதே. டார்ச் வெளிச்சத்தில் பெல்ட் முழுவதும் உன் கண்முன்னே போகட்டும். பல்லின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிவது, முதுகில் கண்ணாடி போன்ற பளபளப்பு, உதிர்ந்த பல், ஆயில் ஈரம். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த பெல்ட்டின் வேலை முடிந்தது. ஒன்றும் தெரியாவிட்டாலும் அது நல்ல பெல்ட் என்று சொல்லிவிட முடியாது. இழை உள்ளே அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

13. ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஒருமுறை ஒரு டீசல் வண்டி வந்தது. வேறொரு பட்டறையில் கொஞ்ச காலத்துக்குள் இரண்டாவது தடவையாக பெல்ட் மாற்றியிருந்தார்கள். டூப்ளிகேட் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று உரிமையாளர் கொதித்துக்கொண்டிருந்தார். கவரைக் கழற்றினால் பெல்ட் நல்ல கம்பெனி பெல்ட்தான். ஆனால் ஓரம் உப்பியிருந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. கேம் புல்லிக்குப் பின்னால் ஈரம். சீலை எடுத்துப் பார்த்தால் அதன் உதடு கல்லாக இறுகி, ஒரு பக்கம் கீறியிருந்தது. இரண்டு தடவையும் அந்தப் புல்லியைக் கழற்றிப் பார்த்திருந்தால் பெல்ட் விலையில் ஒரு சிறு பங்கோடு வேலை முடிந்திருக்கும். வண்டியை அப்படி அனுப்பியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம்தான்.

டைமிங் கவரின் அடிமூலையில் மட்டும் ஆயில் தொங்குகிறது, மேலே டேப்பட் கவர் விளிம்பு உலர்ந்திருக்கிறது என்றால் கவருக்குள்தான் கசிவு. கிராங்க் புல்லியைச் சுற்றி உள்மட்கார்டில் வட்டமாகத் தெளித்திருந்தால் முன்பக்கக் கிராங்க் சீல்; சுழற்சி வீசியடித்ததன் தடம் அது.

14. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டது, ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, தடையில்லாமல் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இப்படியானால் பெல்ட் அறுந்திருக்கலாம். மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பாதே, வளையாத வால்வும் வளையும். மேல் கவரைத் திறந்து பெல்ட்டையோ, ஆயில் மூடி வழியாகக் கேமையோ பார். கார்புரேட்டர் மாருதி 800-ல் இன்னும் சுலபம்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, பக்கத்திலிருப்பவரைச் சாவியை ஒரு கணம் மட்டும் திருப்பச் சொல். அங்கே ரோட்டார் கேமின் ஓட்டத்தில் சுற்றுவது. கிராங்க் சுற்றியும் ரோட்டார் அசையாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

15. கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் ஃபேன் பெல்ட்டுடையது. டைமிங் பெல்ட் பக்கம் வருவது வேறு சத்தம்: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் காய்ந்துபோய், ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஊளை. அந்தப் பேரிங்கைக் கையில் சுற்றும்போது கரகரத்தாலோ, தடையே இல்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தாலோ மாற்றிவிடு. உள்ளே கிரீஸ் இல்லை. பெல்ட் நன்றாக இருந்தும் பேரிங் இறுகி நின்று அறுந்த வண்டிகள் உண்டு. ரெனோ டஸ்டர் டீசல் போன்ற வண்டிகளில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அங்கே பம்பையும் சேர்த்து மாற்று.

16. பெல்ட் மாற்றும் வேலையை முதல்முறை தனியாகச் செய்யாதே, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். டீசலில் பம்ப் டைமிங்கும் சேர்ந்து வருவதால் அதைப் பட்டறைக்கே விட்டுவிடு. பெட்ரோல் வண்டி என்றால், பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் கிராங்க், கேம் இரண்டின் மார்க்குகளையும் நேராகக் கொண்டுவந்து, வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, போனில் படம் எடுத்துக்கொள். புது பெல்ட்டை மடக்காதே, முறுக்கிச் சுருட்டாதே, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதே. கண்ணாடி இழை அங்கேயே முறிந்துவிடும். டென்ஷன் அந்தந்த எஞ்சின் புத்தகத்தில் சொன்னபடி. போட்டு முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்கை மறுபடி பார். எங்காவது இடித்து நின்றால் பலம் காட்டாதே. கழற்றி முதலிலிருந்து பார். இந்த இரண்டு சுற்றைச் சுற்றாமல் சாவி போடக்கூடாது.

17. பெல்ட் கழன்றிருக்கும்போதே கேம் சீலையும் முன் கிராங்க் சீலையும் மாற்று, அவை கசியாவிட்டாலும். கூலி ஒன்றுதான். பழைய சீலை எடுக்கும்போது ஷாஃப்ட்டில் ஒரு கீறல்கூட விழக்கூடாது, விழுந்தால் புதுச் சீலும் நிற்காது. புதுச் சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி உள்ளே போக வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, அதே அளவுள்ள குழாயையோ சாக்கெட்டையோ வைத்து, கோணாமல் சமமாகத் தட்டி இறக்கு. ஷாஃப்ட்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டால், இடமிருக்கும் வண்டிகளில் புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வை.

18. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு பெல்ட் எப்போது மாற்றியது என்ற ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். 60,000-லிருந்து 1,00,000 கிலோமீட்டர் வரை கம்பெனிக்குக் கம்பெனி கெடு மாறும்; உன் வண்டிப் புத்தகம் சொல்வதே சரி. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷக் கணக்கு உண்டு, நின்ற வண்டியிலும் ரப்பர் கிழடாகும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பானெட்டின் உட்புறம் எழுதி ஒட்டு.

19. உன் வண்டி செயினா பெல்ட்டா என்று தெரிந்துகொண்டு பேசு. ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல், மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் எல்லாம் செயின். அங்கே ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதுதான் பராமரிப்பு. ஃபோர்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் போன்ற சிலவற்றில் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடும்படி செய்திருக்கிறார்கள். அதற்கென்று சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றினால் பெல்ட் உரிந்து, அதன் துகள் ஆயில் வழியை அடைக்கும்.

20. பட்டறைக்கே கொடுப்பதானாலும் பவுடரில் தெரிந்த கோட்டைப் படம் எடுத்து, அதைக் காட்டிக் கொடு. “ஆயில் ஒழுகுது, பார்த்துக்கோங்கண்ணே” என்று சாவியை நீட்டிவிட்டு வராதே. எந்தச் சீல், எந்த பேக்கிங் என்று கேட்டு எழுதிக்கொள். பெல்ட், டென்ஷனர், சீல் என்று கழற்றிய பழைய சாமான்கள் அத்தனையையும் கேட்டு வாங்கி, பணம் கொடுப்பதற்கு முன் வெளிச்சத்தில் பார். பழைய பெல்ட்டில் ஆயில் ஈரம் இருந்து, சாமான்களில் பழைய சீல் மட்டும் இல்லையென்றால், டைமிங் கவரை இன்னொரு முறை திறக்கச் சொல்.